அண்ணாச்சி கண்ட கறை

வண்டி கழுவும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் என்ன சொல்ல? ஷாம்பு எவ்வளவு ஊற்ற வேண்டும், பிரேக்கில் எண்ணெய் படாமல் எப்படித் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கையும் தானாகப் பழகிவிடும். நான் வண்ணார்பேட்டையில் ஒரு சர்வீஸ் சென்டரில் மோட்டார் சைக்கிள் சக்கரங்களுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தே தலை நரைத்தவன். முட்டி போய்விட்டது. இல்லையென்றால் இன்னமும் அங்கேதான் இருந்திருப்பேன்.

கூடங்குளம் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவரின் ரிம்மில் உப்புக்காற்று பட்டுத் துரு பூத்திருக்கும். பாபநாசத்துக்குக் குளிக்கப் போனவர்கள் வயல்சேற்றோடு வருவார்கள். புதிதாகத் தார் போட்ட ரோட்டில் அவசரமாகப் போனவரின் சக்கரம் எள்ளுருண்டை மாதிரி இருக்கும். வீட்டில் "ஆபீசில் இருந்தேன்" என்று சொல்லிவிட்டுக் குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போய்வந்தவர்கள், சம்சாரம் பார்ப்பதற்குள் கடற்கரை மணலைக் கழுவ வேண்டும் என்று காலையில் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். இதெல்லாம் போகிற கறை. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் பொறுமை, முடிந்தது.

என் சர்வீஸில் போகவே போகாத கறை ஒன்றுதான் பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஞானமுத்து அண்ணாச்சிக்கு ஜவுளிக்கடை. வாசலில் பொம்மை நிறுத்தி, மாடிக்கு மாடி ஏசி போட்ட கடை இல்லை. உள்ளே நுழைந்தால் விரிப்பு, அதன்மேல் சம்மணமிட்டு அண்ணாச்சி. ஆனால் அவர் கண்ணுக்கு ஊரில் தனி மரியாதை. நாம் வெறுமனே வெள்ளை என்று சொல்வதை அவர் பால் வெள்ளை, பஞ்சு வெள்ளை, சந்தன வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை என்று பிரித்து அடுக்கி வைத்திருப்பார். ஒரு துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது நிக்காதும்மா, ரெண்டு துவைப்புல வெளுத்துரும்" என்று அவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் அந்தத் துணியை இலவசமாகக் கொடுத்தாலும் யாரும் தொடமாட்டார்கள். கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டாரைக்கூடக் கேட்கமாட்டார்கள். அண்ணாச்சி தலையை ஆட்டினால் போதும்.

அவருடைய வண்டியும் அப்படித்தான். பழைய நூறு சிசி வண்டி. கம்பி வைத்த சக்கரம், குரோமியம் பூசிய ரிம். அந்த ரிம்மில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த வண்டியைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்.

"ஏலே சுடலை, சக்கரத்தப் பாத்தியா? மஞ்சப் பூத்துக் கெடக்கு. நானும் ரொம்ப நாளாப் பாக்கேன், கூடிக்கிட்டே போவுது."

பார்த்தேன். பின்சக்கரத்தில் கொஞ்சம் செயின் எண்ணெய் தெறித்திருந்தது. வேறொன்றும் இல்லை. கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வெயிலில் நிறுத்தினேன். அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

"அப்படியேதான இருக்கு."

"எது அண்ணாச்சி?"

"கறைலே. டீத்தண்ணி தெளிச்ச மாதிரி. ரிம்முலயும் இருக்கு, கம்பிலயும் இருக்கு. ஒனக்குத் தெரியலயா?"

கேட்டது ஞானமுத்து அண்ணாச்சி. நான் குனிந்து பார்த்துவிட்டு, "லேசாத் தெரியுது அண்ணாச்சி" என்றேன். என் பக்கத்தில் நின்ற இசக்கியும் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஆமா, இந்த ஓரத்துல இருக்கு" என்று விரலை வைத்துக் காட்டினான். இப்படியாக, இல்லாத ஒரு கறையை மூன்று பேரும் சேர்ந்து பார்த்துவிட்டோம்.

இசக்கி என்னோடு வேலை பார்த்தவன். கபடிக்காரன். எந்தக் கறையையும் சொந்தப் பகையாக எடுத்துக்கொள்வான். "அண்ணாச்சி, நீங்க நாளைக்கு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்று வண்டியை அவன் வாங்கிக்கொண்டான். அன்று மத்தியானம் முழுக்க அந்தச் சக்கரம் பட்ட பாட்டை என்ன சொல்ல! பல்பொடி, புளி, குத்துவிளக்கு தேய்க்கிற பவுடர், பாலிஷ், ஒவ்வொரு கம்பிக்கும் பல் தேய்க்கிற பிரஷ். எங்கள் பிரிவின் ஒருநாள் வேலை அந்தச் சக்கரத்திலேயே போனது. கடைசியில் வெயிலில் நிறுத்தியபோது எதிர் டீக்கடைக்காரர், "வே, அத அங்கிட்டுத் திருப்பும், கண்ணு கூசுது" என்று சத்தம் போட்டார்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். சுற்றி வந்தார். நின்றார்.

"இப்பம் முன்ன விட மஞ்சளா இருக்கேலே."

இசக்கியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் புத்திசாலித்தனமாகத் தேய்ப்பதற்கு முன்னாலும் பின்னாலும் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். இரண்டையும் காட்டினான். அண்ணாச்சி போனை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"ஒன் போனுலயும் கறை இருக்கு. மொதல்ல அதத் தொடை."

அவர் கடைக்குப் போன பிறகு இசக்கி உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தான். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்.

"இனி இதுதான் வழி. ஒரு ஊத்து ஊத்துனா என்ன கறையா இருந்தாலும் ஓடிரும்."

அவன் மூடியைத் திறந்துவிட்டான். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு கறை போகவில்லை என்றால் நம் கை தானாக அடுத்த காரமான மருந்தைத் தேடும். தண்ணீர் போதாது என்றால் ஷாம்பு, அது போதாது என்றால் மண்ணெண்ணெய், அதற்கு மேல் ஆசிட். கை இப்படி ஏறிக்கொண்டே போகும்போது, கறை எங்கே இருக்கிறது என்று யாரும் மறுபடி குனிந்து பார்ப்பதில்லை. ஆசிட் பட்டால் குரோமியம் உரிந்துவிடும். உரிந்த இடத்தில் நிஜமாகவே துரு ஏறும். அண்ணாச்சி சொன்ன மஞ்சளை நாங்களே அவருக்குச் செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"மூடுலே அத" என்றேன். "வண்டிய நான் வீட்டுல கொண்டு விட்டுட்டு வாரேன்."

அண்ணாச்சி வீடு முருகன்குறிச்சி பக்கம். தெருவுக்குள் திரும்பியதும் எனக்கு வீடு மாறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. எப்போதும் வெள்ளையாக இருக்கிற காம்பவுண்டுச் சுவர் வானம் மாதிரி நீலமாக இருந்தது. உள்ளே அண்ணாச்சியின் சம்சாரம் ரூபி அக்கா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். வேட்டி, சட்டை, துண்டு எல்லாம் நீலம். அக்காவின் கையும் மணிக்கட்டு வரை நீலம்.

"வா சுடலை. கறை போயிட்டா?"

"அக்கா, நெசத்தச் சொல்லவா? எனக்குக் கறையே தெரியல."

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள். "ஒனக்கும் தெரியலயா? எனக்குத்தான் வயசாயிட்டு, அழுக்குத் தெரியலன்னுல்லா நெனச்சிக்கிட்டு இருந்தேன்!"

பிறகு எல்லாவற்றையும் கொட்டினார்கள். வேட்டி மஞ்சளாக இருக்கிறது என்று அண்ணாச்சி சொல்லச் சொல்ல, அக்கா சொட்டு நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். "பாஸ்டரம்மா நீலச் சட்டையப் பாத்துட்டுக் கேக்காவ, அண்ணாச்சி ஏதும் பள்ளிக்கூடத்துல சேந்துட்டாவளான்னு. நான் என்னன்னு சொல்ல?" சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் பத்தாது பத்தாது என்று நீலத்தைக் கலக்கச் சொன்னதும் அண்ணாச்சிதான். பால்காரரிடம் பாலில் மஞ்சள் பொடி போடுகிறாயா என்று சண்டை போட்டு, அந்த மனிதர் கோபித்துக்கொண்டு இந்தத் தெருவுக்கே வருவதில்லை.

"கடையில?" என்று கேட்டேன்.

"அங்கன அதுக்கு மேல. அவிய எடுத்துக் குடுக்க ஜாக்கெட் துணி ஒண்ணும் சேலைக்குப் பொருந்தல. வாங்கிட்டுப் போனவங்க அவியகிட்ட வந்து சொல்லவா செய்வாங்க? அவிய சாப்பிட வீட்டுக்கு வந்த நேரமாப் பாத்து, கடையில வேல பாக்கவங்ககிட்ட சத்தமில்லாம மாத்திட்டுப் போறாங்க. ஊரே சேந்து மூடி வைக்கு, சுடலை."

"கண்ண ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டலாம்லாக்கா?"

"மெதுவாப் பேசு. சொல்லாமயா இருப்பேன்? ஒடனே வேதப்புஸ்தகத்த எடுத்து, கண்ணாடி இல்லாமப் பொடி எழுத்த வாசிச்சிக் காட்டுதாவ. 'முன்னால கண்ணாடி போட்டாத்தான் தெரியும், இப்பம் கண்ணாடியே வேண்டாம், எனக்கா கண்ணு கோளாறு'ன்னு. அன்னைக்குப் பூரா சாப்பிடல."

அவர் வாசித்தது பொய் இல்லை. கண்ணில் ஒருவகைப் புரை விழும்போது கொஞ்ச காலத்துக்குக் கிட்டத்து எழுத்து நன்றாகத் தெரியும், நிறம் மட்டும் மங்கிப் பழுப்பேறும் என்று டாக்டர் பிற்பாடு சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் கிளம்பும்போது அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "போன வாரம் சாயங்காலம் பைபாஸ்ல வரும்போது எதுத்து வந்த லாரி வெளிச்சம் பூ மாதிரி விரிஞ்சுட்டாம். ரோடே தெரியலயாம். வண்டிய வாய்க்கால் ஓரத்துல விட்டுட்டு அப்படியே நின்னுருக்காவ. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பின்னால வந்தவங்ககிட்ட சொல்லிருக்காவ, அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுடலை, அவிய வண்டிச் சாவிய எடுத்தாலே திரும்பி வார வரைக்கும் நான் வாசல்லயே நிக்கேன்."

திரும்பி நடந்து வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சியிடம் போய் உங்கள் கண் பழுது என்று யார் சொல்வது? ஜவுளிக்கடைக்காரருக்குக் கண்தானே எல்லாம். அதுவும் இவருக்கு. சொன்னால் என் முகத்திலேயே முழிக்கமாட்டார், வேறு சர்வீஸ் சென்டருக்குப் போவார். அங்கே ஓர் இசக்கி ஆசிட்டோடு இருப்பான். சொல்லாமல் விட்டாலோ, அடுத்த லாரிக்கு வாய்க்கால் ஓரம் கிடைக்க வேண்டுமே.

இந்த யோசனையிலேயே ஒருநாள் போனது. அதற்கு அடுத்த நாள் நல்ல நாள். எங்கள் ஷோரூமில் புது வண்டி எடுக்கக் கூட்டம். பாபநாசத்துப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒருவர், சம்சாரத்தோடும் மகளோடும் வந்திருந்தார். மகள் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வண்டி அவளுக்குத்தான். வெள்ளி நிறச் சக்கரம். மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. மேனேஜர் அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் வெளியூர்க்காரர், வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

அந்த நேரத்தில் ஞானமுத்து அண்ணாச்சி, தன் சக்கரத்துக் கறையை மறுபடி சொல்ல, உள்ளே வந்தார். பின்னால் எங்கள் பிரிவுக்கு வருகிற வழி ஷோரூம் வழியாகத்தான். நடந்து வந்தவர் புது வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"புது வண்டியா?"

"ஆமா அண்ணாச்சி" என்றார் அந்தப் பெண்ணின் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக. "என்னைத் தெரியலயா? எங்க கல்யாணத்துக்கு ஒங்க கடையிலதான் சேல எடுத்தோம்."

அண்ணாச்சி குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"இதுல கறை இருக்கே. என் வண்டில இருக்க அதே கறை." பிறகு ஷோரூம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "பழைய வண்டியத் தொடச்சு விக்கானுவ போல. எடுக்காதீங்கம்மா" என்றார்.

தேங்காய் உடைக்கக் கையை ஓங்கியிருந்த அப்பா அப்படியே நின்றார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்று முனகினார்.

"ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் சம்சாரம். "அண்ணாச்சி கண்ணு தப்பாது."

அந்த மனிதர் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "ஆமா. இருக்கத்தான் செய்யுது."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேறொரு வண்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கள் வண்டியின் சக்கரத்தைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். மேனேஜரின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துவிட்டது. அட்டைச் சாவியைக் கேடயம் மாதிரி நெஞ்சில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார், இது இன்னைக்குத்தான் லோடுல இறங்கின வண்டி. உங்களுக்கு என்ன சார், கண்ணு..."

அடுத்த வார்த்தை அவர் வாயில் உருவாவதை நான் பார்த்தேன். அது மட்டும் வெளியே வந்துவிட்டால், அத்தனை பேர் முன்னாலும், அண்ணாச்சிக்கு அதற்கப்புறம் கடையும் நிற்காது, டாக்டரிடமும் போகமாட்டார். ஈரக் கையோடு ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

"அண்ணாச்சி சொல்லுதது சரிதான் சார். என்னமோ படிஞ்சிருக்கு."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை, பெற்ற மகனே காட்டிக்கொடுத்தால் பார்க்கிற பார்வை. நான் பேச்சை நிறுத்தவில்லை.

"பின்னால கொண்டு போயிக் கழுவிட்டு வந்துருதேன். அண்ணாச்சி, நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் வண்டி வெளிய போவும். அக்கா, நீங்க ஒரு காப்பி குடிச்சிக்கிட்டு இருங்க."

மாலையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். அங்கே இசக்கி கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். "நீ போயி டீ சொல்லிட்டு வா. பைய வந்தாப் போதும்" என்று அனுப்பினேன். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அண்ணாச்சிக்கு ஒரு ஸ்டூல் போட்டேன். வெள்ளைத் துணியால் ரிம்மைத் துடைத்தேன்.

"போவலயே" என்றார்.

"கறை இருக்கட்டும் அண்ணாச்சி. ஒரு பொண்ணு ஓட்டப் போற வண்டி. மொதல்ல ரிம்முல கோட்டம் இருக்கான்னு பாத்துருவோம். நான் சக்கரத்தச் சுத்துதேன். ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாக்கணும், அப்பந்தான் கோட்டம் தெரியும்."

நான் புதிதாக ஒன்றும் கட்டிச் சொல்லவில்லை. சக்கரம் கோணலா என்று பார்க்க எல்லோரும் அப்படித்தான் செய்வோம். என் மாமனாருக்குப் புரை விழுந்தபோது ஒரு கண் முந்திக்கொண்டது, மற்றது பின்னால்தான் வந்தது. அது எனக்கு ஞாபகம் இருந்தது. அண்ணாச்சிக்கும் அப்படி இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் சக்கரத்தைச் சுற்றினேன்.

இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "கோட்டம் இல்ல. கறைதான் சுத்துது."

"இப்பம் மத்தக் கண்ணால பாருங்க."

வலது கண்ணை மூடினார்.

சக்கரம் சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து நின்றது. அண்ணாச்சி கண்ணை மாற்றினார். மறுபடி மாற்றினார். ஸ்டூலில் இருந்து எழுந்து, ரிம்முக்குப் பக்கத்தில் போய், இந்தக் கண், அந்தக் கண் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்த நேரத்தில் யாராவது வந்திருந்தால், பாளையங்கோட்டையின் பெரிய மனிதர் ஒருவர் புது வண்டியைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு தன் சட்டைக் கையைத் தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணால் பார்த்தார். இன்னொரு கண்ணால் பார்த்தார்.

"சுடலை, இது என்ன கலருலே?"

"நீலம் அண்ணாச்சி."

"வெள்ள இல்லயா?"

"இல்ல அண்ணாச்சி."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒனக்கு எப்பம் தெரியும்?"

"முந்தாநாள் ஒங்க வீட்டுக்குப் போனேம்லா. அப்பந்தான் ஒரு சந்தேகம்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லதுன்னு தெரியல."

"சொல்லிருந்தா செவிட்டுல ஒண்ணு விட்டுருப்பேன்."

"அதான் அண்ணாச்சி சொல்லல."

சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. "கண்ணு போயிருமா சுடலை? போயிட்டுன்னா நான் என்னலே செய்வேன்?"

"அது புரையாத்தான் இருக்கும் அண்ணாச்சி. எங்க மாமனாரு ஆபரேஷன் பண்ணுன கொஞ்ச நாள்லயே பேப்பர வச்சிக்கிட்டு எல்லாக் கட்சிக்காரனையும் திட்ட ஆரம்பிச்சிட்டாரு. டாக்டரு பாத்துச் சொல்லட்டும்."

அண்ணாச்சி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "வெளிய அந்தப் புள்ள அழுதுக்கிட்டு நிக்கும். வா."

நான் மனதுக்குள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். அவர் வெளியே வந்து, "கறை போயிட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டியும் போய்விடும், அவர் மானமும் நிற்கும். அண்ணாச்சி என் ஏற்பாட்டைக் கேட்கவில்லை. நேராக அந்தக் குடும்பத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"நான் சொன்னது தப்பும்மா. வண்டி சுத்தமான புது வண்டி. சக்கரத்துல ஒரு கறையும் கெடையாது. கறை என் கண்ணுலதான் இருக்கு. புரை விழுந்துருக்கு போல. இந்தத் தம்பி காட்டித்தான் எனக்கே தெரிஞ்சது. சார், நீங்களும் மன்னிச்சிக்கிடுங்க."

அந்தம்மாதான் முதலில் பேசினார்.

"பாத்தீங்களா, அண்ணாச்சி எவ்வளவு தன்மையாப் பேசுதாவ!" என்று புருஷனிடம் திரும்பினார். "கடைக்காரங்களுக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதுன்னு பழியத் தன் மேல போட்டுக்கிடுதாவ. அவிய கண்ணாவது தப்பதாவது. கறை இருந்துருக்கும், இப்பம் கழுவுனதுல போயிட்டு. நீங்க தேங்காய ஒடைங்க."

"இல்லம்மா, நெசமாவே..." என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். தேங்காய் உடைந்துவிட்டது. மகள் அண்ணாச்சி காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினாள்.

அவர்கள் போனதும் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அட்டைச் சாவி இன்னும் கையில் இருந்தது.

"சுடலைமுத்து, அந்த வீலுக்கு என்ன கெமிக்கல் போட்டீங்க? நல்லா இருக்கே. நம்ம ஸ்டோருக்கும் சொல்லி வாங்கி வைக்கலாமா?"

"அது ஸ்டோருல வராது சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போனது இசக்கி. நடந்ததை நான் சொன்னபோது அவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஒவ்வொரு கம்பியா பிரஷ் போட்டேனே! இல்லாத கறைக்கா?" என்று புலம்பினான். ஆனால் அண்ணாச்சியின் வண்டியில் அவரையே பின்னால் உட்காரவைத்து, ஆபரேஷன் நடந்த அன்றும் கட்டுப் பிரித்த அன்றும் அவன்தான் போனான். முதலில் ஒரு கண், பிறகு இன்னொரு கண். இரண்டுக்கும் நடுவில் அண்ணாச்சி ஊரையே ஒரு கண்ணால் புதிதாகவும் ஒரு கண்ணால் பழையதாகவும் பார்த்துக்கொண்டு திரிந்தார். பால்காரர் வீட்டுக்கு அவரே நடந்து போய்ச் சமாதானம் பேசிவிட்டு வந்தார். கடையில் ஜாக்கெட் துணி அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒருநாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு அடுக்கினார் என்று கேள்விப்பட்டேன்.

நீங்களும் நாளைக்கு ஒரு சக்கரத்துக்கு முன்னால் உட்காருவீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு கறையை ஒருவர் காட்டுவார். பெரிய ஆள் என்றால் 'ஆமா' என்று சொல்லத் தோன்றும். சின்ன ஆள் என்றால் 'உங்களுக்குக் கண்ணு தெரியலையா' என்று கேட்கத் தோன்றும். இரண்டையும் சொல்லாமல் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் குத்தவைத்து, அவர் பார்க்கிற இடத்தைப் பாருங்கள். முட்டி வலிக்கும். பரவாயில்லை.

இரண்டு கண்ணும் ஆறிய பிறகு, டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொன்ன அன்று, நான் அந்த வண்டியைக் கழுவிக்கொண்டு போய் வீட்டில் நிறுத்தினேன். அண்ணாச்சி வாசலிலேயே காத்திருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு, "ரூபி, வண்டி வந்துட்டு! கெளம்பு, கடைவீதி வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

அக்கா வெளியே வந்தார்கள். அண்ணாச்சி பார்த்தபடியே நின்றார். நானும் பார்த்தேன். அக்கா கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறச் சேலை. சும்மா கத்தரிப்பூ இல்லை, தெருவின் அந்தக் கோடியில் நிற்கிறவரும் திரும்பிப் பார்க்கிற கத்தரிப்பூ. ஓரத்தில் கிளிப்பச்சைக் கரை.

"இது யாரு எடுத்துத் தந்த சேல?"

"நீங்கதான். கிறிஸ்மசுக்கு. அடக்கமான காப்பிப்பொடி நெறம், ஒனக்கு நல்லா இருக்கும்னு சொல்லித் தந்தீங்க."

"இதக் கட்டிக்கிட்டா கோயிலுக்கு வந்த?"

"வாராவாரம் வந்தேன்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா ரூபி?"

"நான் கட்டிக்கிட்டு வரும்போதெல்லாம் ஆசையாப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. பெறகு எதுக்கு நான் சொல்லணும்?"

அண்ணாச்சி வண்டியின் கைப்பிடியை எதற்கோ துடைத்தார். பிறகு, "ஏறு. கடையத் தொறந்து ஒனக்கு ஒரு நல்ல சேல எடுப்போம்" என்றார்.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். அவர் தோளில் கையை வைத்தார்கள்.

"எடுப்போம். ஆனா இந்தத் தடவ கலரு நான் பாக்கேன்."

இத்தனை வருஷத்தில் ஞானமுத்து அண்ணாச்சியிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் தலையை ஆட்டினார், வண்டியை உதைத்துக் கிளப்பினார்.